வயிரமும் இருபத்துமூன்றும்

அனுமானத்திற்கு உயிராவது வியாத்தி. புகையும் நெருப்பும் உடனிருத்தலைப் பலகாற் கண்ட துணையானே அது துணியப்படுமோ என்னும் ஐயத்திற்கு, அன்னம்பட்டர் தம் தருக்க சங்கிரக உரையில் வயிரத்தை எடுத்துக்காட்டினார். பிருதிவிப் பொருள்கள் இரும்பாற் கீறப்படுதலை நூறிடத்துக் கண்டாலும், வயிரத்தின்கண் அது பிறழும். அந்நூலையும் உரையையும் தமிழிற் பெயர்த்துதவியவர், பொருநைநாட்டு விக்கிரமசிங்கபுரத்திற் றோன்றி 1785-இற் சிவனடி எய்திய மாதவச் சிவஞான யோகிகள் ஆவர்.

பொருநையொடு கூடும் சிற்றாற்றின் பக்கத்தே, குற்றாலத்திற்கு அணித்தாய வல்லத்தில், 1901 ஏப்ரல் 5-இற் பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. இளமையிற் றாயையும், பள்ளியிறுதியிற் றந்தையையும் இழந்த இவர்க்கு ஆசிரியர் ஒருவர் துணைநின்றார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கற்று, சென்னையில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி பயின்று, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயினார். எவ்வெண்ணையும் எழுபத்துமூன்றுக்கு மேற்படாத ஆறாம் படிகளின் கூட்டமாக்கலாமென 1940-இல் அவர் நிறுவியது கணித நூலார் பெரிதும் போற்றுவது. ஈண்டு எடுத்துக்கொண்டதோ அவர் எழுப்பிய சிறு வினா ஒன்றே.

ஒன்று முதல் ஓரெண் வரையுள்ளவற்றை முறையே பெருக்கி ஒன்று கூட்டுக. அத்தொகையை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை முதற்கொண்ட எண்ணால் வகுக்க ஒன்றே மீதியாகுமோ என்பது வினா. மூன்றிற்கு 7 வரும். ஐந்திற்கு 121, அதன் பகா எண் 11. ஏழிற்கு 5,041; அதன் பகா எண் 71. எங்கும் மீதி ஒன்றே. இரண்டு முதல் ஏழு வரை பிறழ்ச்சியில்லை. எட்டில் 40,321 வரும். அதனை வகுக்கும் 61-ஐ எட்டால் வகுக்க மீதி 5.

சாவ்லா என்னும் கணிதர் காட்டிய வயிரம் இதனினும் பெரிது. பதினான்கு வரை பெருக்கி ஒன்று கூட்டின் 87,17,82,91,201 ஆகும். இதனை 23 மீதியின்றி வகுக்கும்; ஈவு 3,79,03,60,487. ஆயின் 23-ஐப் பதினான்கால் வகுக்க மீதி 9 அன்றோ!

இத்துணைப் பேரெண்ணைப் பெருக்காமலும் இவ்வுண்மை உணரலாம். பகா எண்ணிற்கு ஒன்று குறைந்த எண்வரை பெருக்கி ஒன்று கூட்டின், அப்பகா எண்ணால் வகுபடும் என்பது வில்சன் விதி. எனவே 22 வரையுள்ள பெருக்கம் ஒன்று கூட்ட 23-ஆல் வகுபடும். 19 முதல் 22 வரையுள்ளவற்றின் பெருக்கம் 1,75,560. இதனை 23-ஆல் வகுக்க மீதி 1. ஆகலின் அந்நான்கனையும் நீக்கினும் பயன் வேறுபடாது, பதினெட்டிற்கும் அஃதொக்கும். 15 முதல் 18 வரை 73,440. மீதி மீண்டும் 1. ஆகவே பதினான்கிற்கும் அஃதே. வில்சன் விதி காரணத்தால் நிறுவப்பட்டமையின் எவ்விடத்தும் பிறழாது. வினாவிற் கண்ட ஒழுங்கோ காட்சியளவில் நின்றது.

பிள்ளையவர்கள் இவ்வேறுபாடு உணராதவரல்லர். தொடர்ந்து வரும் எண்கள் பதினாறு வரை எத்தனை கொள்ளினும், ஏனையவற்றோடு பொதுக் காரணியில்லாத ஒன்று அவற்றுள் இருக்குமென நிறுவியவரும் அவரே. பதினேழிற்கு அது பொருந்தாமை காட்டியவரும் அவரே. 2184 முதல் 2200 வரை எண்ணிப் பார்ப்பார்க்கு இது விளங்கும்.

1950 ஆகஸ்டு 31-இல், அமெரிக்கா செல்லும் வழியில், எகிப்து நாட்டுக் கெய்ரோவிற்கருகே விமானம் வீழ்ந்து அவர் மறைந்தார். அவர் வினாவிற்கு மறுப்பாய் நின்ற 23, 61 முதலியன இன்று பிள்ளைப் பகா எண்கள் என்றே வழங்கப்பெறுகின்றன. அவை எண்ணிறந்தன என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.