மூடிய எல்லையும் திறந்த எல்லையும்: 1970–1977 இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தமிழ்ப் பிரதேசங்களின் உணவு நிலையும்

வர்த்தக எல்லையில் ஓர் அரசு விதிக்கும் கட்டுப்பாடு நாட்டின் எல்லாப் பிரதேசங்களையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. பொருளை விளைவிக்கும் பிரதேசத்திற்கு ஆதாயமாக அமைவது, அதனை வாங்கி உண்ணும் பிரதேசத்திற்குச் சுமையாக அமையலாம். 1970 முதல் 1977 வரை இலங்கையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேசுவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிளகாய், வெங்காயச் செய்கை அக்காலத்தில் அடைந்த செழிப்பையே பெரும்பாலும் நினைவுகூர்வர். அந்நினைவு பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களிற் பட்டினி நிலவியது. இவ்விரு நிலைமைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் உணவு கடல் கடந்த நாடுகளில் தங்கியிருந்தமை புதிய நிலைமையன்று. பெருந்தோட்டப் பொருளாதாரம் வளர்ந்த காலந்தொட்டு தேயிலையையும் இறப்பரையும் ஏற்றுமதி செய்து, அவ்வருவாயைக் கொண்டு அரிசியை இறக்குமதி செய்வதே இந்நாட்டின் வழக்கமாயிற்று. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது இவ்வழக்கத்தின் ஆபத்துப் புலப்பட்டது. அவ்வாண்டில் தொடங்கிய அரிசிப் பங்கீடு போரின் பின்னரும் நீடித்தது. 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ட் 12ஆந் தேதி நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரிற் பதவி துறந்தார். அரிசியின் விலை அரசின் ஆயுளையே தீர்மானிக்க வல்லது என்பதை அதன்பின் வந்த எந்த ஆட்சியும் மறக்கவில்லை.

1970 மே மாதத்தில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோது அந்நியச் செலாவணி மிகவும் சுருங்கியிருந்தது. எனவே நாட்டிலேயே விளைவிக்கக் கூடிய உப உணவுப் பொருட்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. அந்நாள் வரை கடல் கடந்து கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கி, புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் வழியாக நாடெங்கும் பரவிய இப்பொருட்களின் இடத்தை உள்ளூர் விளைவு நிரப்ப வேண்டியதாயிற்று.

அவ்விடத்தை விரைந்து நிரப்புவதற்கு ஏற்ற நிலையில் இருந்தது யாழ்ப்பாணக் குடாநாடு. ஆறுகளற்ற இப்பிரதேசத்தின் கமம், சுண்ணக்கற் பாறையிற் சேரும் நிலத்தடி நீரைக் கிணறுகளிலிருந்து இறைத்துச் செய்யப்படுவதாகும். துலா மிதித்து இறைத்த இடங்களில் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் 1970க்கு முன்னரே பரவியிருந்தன. குடாநாட்டுக் கமக்காரர் சந்தைக்கெனப் பயிரிடுவதிலும் நீண்ட பழக்கமுடையோர். திருவாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலை இதற்குச் சான்றாகும். அச்சந்தை சுருங்கியபோது அயல்நாட்டுச் சந்தையொன்றை நம்பியிருப்பதன் இடரையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் முதலிய செம்மண் பிரதேசங்களில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் பெருகின. நல்ல விலை கிடைத்தது. கல்வீடு கட்டியோரும், கடன் தீர்த்தோரும், பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பியோரும் பலர்.

இவ்வாதாயம் குடாநாட்டோடு நிற்கவில்லை. படித்த வாலிபர்களுக்கென அமைக்கப்பட்ட முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் மிளகாயே முதன்மைப் பயிராயிற்று. அரசாங்க உத்தியோகத்திற்கான வாய்ப்புக் குறைந்தும், தரப்படுத்தலினாற் பல்கலைக்கழக வாயில் ஒடுங்கியும் இருந்த அக்காலத்திலே கமம் ஒரு வாழ்வழியாகலாம் என்ற நம்பிக்கையை இத்திட்டங்கள் இளைஞருக்கு அளித்தன.

ஆயின் இச்செழிப்பின் அடித்தளம் தோன்றிய அளவுக்கு உறுதியானதன்று. மிளகாய் உள்நாட்டினதாயினும் அதனை விளைவித்த மண்ணெண்ணெயும் இயந்திரமும் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் கடல் கடந்தே வந்தன. 1973இன் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியபோது உற்பத்திச் செலவு உயர்ந்தது. மேலும் குடாநாட்டு நெற்செய்கை மாரி மழையை நம்பிய ஒருபோகச் செய்கையாதலின் அங்குள்ளோர் அரிசிக்கு வெளியிடங்களையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. மிளகாயை விற்று அரிசி வாங்கும் பொருளாதாரமே அங்கு நிலவியது.

இங்கே கடலெல்லைக் கட்டுப்பாட்டோடு நாட்டுக்குள்ளே எழுந்த மற்றோர் எல்லையையும் கருத்திற்கொள்ள வேண்டும். 1971இல் அமைக்கப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெற் கொள்வனவில் ஏகபோக உரிமை வழங்கப்பட்டது. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் விலையேறிய 1973–74ஆம் ஆண்டுகளில் தனியார் அரிசியை இடம்விட்டு இடம் கொண்டு செல்வது தடுக்கப்பட்டு, வீதிகளில் தடைகள் இடப்பட்டுப் பயணிகளின் பொதிகள் சோதிக்கப்பட்டன. சிங்கள மக்களின் நினைவில் ‘ஹால் பொல்ல’ என நிலைத்த தடை இதுவே. உணவுச்சாலைகளில் வாரத்திற் சில நாட்கள் சோறு பரிமாறுவதும் தடுக்கப்பட்டது. மிகையாக விளைந்த இடத்திலிருந்து விளையாத இடத்திற்கு அரிசி செல்லும் இயல்பான வழி அடைபட்டதனால் விளைவிடத்தில் விலை தாழ்ந்தும் நுகர்விடத்தில் விலை உயர்ந்தும் நின்றன. மறைவாகக் கடத்துவோரே இவ்விடைவெளியில் இலாபமடைந்தனர்.

இவ்விரு எல்லைகளின் பாரமும் ஒருங்கே விழுந்த இடம் மலையகமாகும். தோட்டத் தொழிலாளருக்கு நிலம் இல்லை. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களினாற் குடியுரிமை இழந்த அவர்களுட் பெரும்பாலோருக்குக் குடியேற்றத் திட்டங்களில் இடமும் இல்லை. நாட்கூலி பெற்று, கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் வாங்கியே அவர்கள் உயிர்வாழ்ந்தனர். 1973இல் பங்கீட்டு அளவுகள் குறைக்கப்பட்டு, மா, சீனி, பாண் ஆகியவற்றின் விலைகள் உயர்ந்தபோது கிராமத்துக் கமக்காரனுக்கிருந்த வயலோ தோட்டமோ பலாவோ மரவள்ளியோ லயத்திலிருந்த தொழிலாளிக்கு இருக்கவில்லை. வேலைநாட்கள் குறைக்கப்பட்ட தோட்டங்களிற் கூலியும் குறைந்தது. 1974இல் நாட்டின் இறப்பு வீதம் முன்னைய ஆண்டைவிட உயர்ந்தது. தோட்டப் பகுதிகளில் அது நாட்டுச் சராசரியை வெகுவாக விஞ்சியது. உணவின்றி ஊர்விட்டு ஊர் சென்று இரந்தோரும் உளர். குடாநாட்டுக் கமக்காரனுக்கு உயர்ந்த மிளகாய் விலை, ரொட்டியும் சம்பலும் உண்டு வேலைக்குச் சென்ற தொழிலாளியின் செலவுக் கணக்கில் ஏறிய விலையே என்பதையும் நாம் மறத்தலாகாது.

இப்பட்டினியினாலும் 1977 ஓகஸ்டில் நிகழ்ந்த இனவன்முறையினாலும் மலையகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் வந்து தங்கின. அவர்களுட் பலர் அங்குள்ள தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிகளாயினர். எல்லைக் கட்டுப்பாட்டினால் வாழ்ந்தோரும் அதனால் வாடியோரும் இவ்வாறு ஒரே நிலத்திற் சந்தித்தனர். ஆயின் நிலவுடைமையாளராகவும் கூலிகளாகவுமே சந்தித்தனர். தமிழ்ப் பிரதேசங்களின் பொருளாதார வரலாற்றை ஒற்றை வரலாறாக எழுத முற்படுவோர் இவ்வேறுபாட்டைத் தட்டிக்கழித்தல் இயலாது.

1977 யூலைத் தேர்தலின் பின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் அமைத்தது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெருமளவிற்குத் தளர்த்தப்பட்டன. டொலர் ஒன்றின் பெறுமதி ஏறக்குறைய 16 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பாண் வரிசையிற் காத்திருந்து களைத்த நுகர்வோர் இதனை வரவேற்றமை இயல்பே. ஆயின் மிளகாயும் வெங்காயமும் மீண்டும் கடல் கடந்து வரத் தொடங்கியபோது வடக்கின் கமக்காரர் இருமுனைத் தாக்கத்திற்கு உள்ளாயினர். ஒருபுறம் விளைபொருளின் விலை வீழ்ந்தது. மறுபுறம் நாணய மதிப்பிறக்கத்தினால் எண்ணெய், பசளை ஆகியவற்றின் விலை உயர்ந்தது. எல்லை மெல்லத் திறக்கப்பட்டிருப்பின், சேமிப்புக் களஞ்சியங்களும் உத்தரவாத விலையும் முன்னரே ஏற்படுத்தப்பட்டிருப்பின், இழப்பு இத்துணைக் கடுமையாக இருந்திராது. வன்னித் திட்டங்களில் நம்பிக்கையோடு காடு வெட்டிய இளைஞர் பலர் மனமுடைந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளின் அரசியற் கொந்தளிப்பை ஆராய்வோர் இப்பொருளாதார ஏமாற்றத்திற்கும் உரிய இடமளிக்க வேண்டும்.

பிற்கால நிகழ்ச்சிகளும் இம்முடிவுகளை உறுதிசெய்கின்றன. 2020இல் அந்நியச் செலாவணியைக் காப்பதற்கென மஞ்சள், உளுந்து முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அவற்றின் விலை பன்மடங்காகியது. பாக்குநீரிணை வழியாக மஞ்சள் கடத்தப்படலாயிற்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டதனால் நெல்லும் தேயிலையும் பாதிப்புற்றன. அத்தடை அவ்வாண்டின் இறுதிக்குள் தளர்த்தப்பட வேண்டியதாயிற்று. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. கட்டுப்பாடு அயல்நாட்டிலிருந்தும் வரக்கூடும். 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இலங்கைச் சந்தையில் பெரிய வெங்காயத்தின் விலை ஏறியது. அத்தடை 2024 மே மாதத்திலேயே நீங்கியது.

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, எல்லையை மூடுவதால் மட்டும் உணவுத் தன்னிறைவு உண்டாகாது; விளைவிப்பதற்கு வேண்டிய உள்ளீடுகள் எங்கிருந்து வருகின்றன என்பதே அதன் உறுதியைத் தீர்மானிக்கும். இரண்டாவது, எல்லையை மூடுவதும் திறப்பதும் திடீரென நிகழும்போது அதன் இழப்பைத் தாங்குவோர் களஞ்சியமும் கையிருப்பும் அற்றோரே; மூடும்போது நிலமற்ற கூலியாளரும் திறக்கும்போது சிறு கமக்காரரும் அவ்விழப்பைத் தாங்கினர். மூன்றாவது, விளைவிப்போனுக்கு நல்ல விலையும் வாங்குவோனுக்குத் தாங்கத்தக்க விலையும் ஒருங்கே கிடைக்க வேண்டுமாயின், இரண்டிற்குமிடையேயுள்ள வேறுபாட்டை அரசு ஏற்கத்தான் வேண்டும். பங்கீட்டு முறை ஒருகாலத்தில் ஆற்றிய பணி அதுவே. அது மெலிந்த ஆண்டிலேயே தோட்டங்களில் மரணம் மலிந்தது.

இவ்வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவேண்டியுள்ளது. கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகள், குடியேற்றத் திட்டங்களின் பதிவுகள், தோட்டங்களின் செக்ரோல் ஏடுகள் ஆகியன இதற்கான மூலங்களாகும். அக்காலத்திற் கமஞ் செய்தோரும் லயங்களிற் பசித்திருந்தோரும் முதுமையெய்தி வருகின்றனர். குடாநாட்டிலும் வன்னியிலும் மலையகத்திலும் பயிலும் நம் மாணவர்கள் தத்தம் ஊர்களில் எஞ்சியுள்ள ஏடுகளையும் முதியோரின் வாய்மொழிகளையும் காலந்தாழ்த்தாது தொகுக்க முன்வருவாராயின், விலைப்பட்டியல்களில் இடம்பெறாத இம்மக்களின் கணக்கும் வரலாற்றிற் பதிவாகும்.