நான்கு மீட்டரும் ஒரு சக்கர நாற்காலியும்

தீபாவளி முடிந்த வாரம் மகன் ஒரு கட்டு விளம்பரப் புத்தகங்களைக் கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தான். எல்லாம் கார் கம்பெனிகளுடையவை. "அப்பா, மிட்சைஸ் எஸ்.யு.வி. ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். டிக்கி பெரிசா இருக்கணும். ஃபைல் பாத்துப் பழகினவர் நீங்கதானே, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

டிக்கி ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காரணம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. மூன்று வருடமாக என் மனைவிக்குச் சக்கர நாற்காலி. இப்போது உள்ள சிறிய காரில் அதை ஏற்ற வேண்டுமானால் பின்சீட்டில் பாதியை மடக்க வேண்டும். நாங்கள் வீட்டில் ஐந்து பேர். நாற்காலி ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும். சென்ற ஆவணியில் புதுச்சேரியில் என் தங்கை பேத்தியின் கல்யாணம் நடந்தது. "நான் வீட்டிலேயே இருக்கேன், நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு நாங்கள் நால்வரும் போய் வந்தோம். கல்யாணச் சாப்பாடு இறங்கவில்லை.

புத்தகங்களைப் படிக்க உட்கார்ந்தவன், நம் ஊர்க் கார்களில் சாமான் வைக்கும் இடம் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வியில் போய் நின்றேன். அதைத் தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். பழைய ஆங்கிலேயக் கார்களில் பின்பக்கம் ஒரு மூடியைத் திறந்தால் கூடுதலாக ஒரு இருக்கை விரியும். அதற்குத்தான் டிக்கி என்று பெயர். இருக்கை போய்விட்டது, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் வாத்தியார்கள் அதை 'கோஃப்ர்' என்பார்கள். பெட்டகம் என்று பொருள். பணம் வைக்கும் இரும்புப் பெட்டிக்கும் அதே சொல்தான். பொருளைப் பத்திரமாக வைக்கும் இடம் என்ற மரியாதை அந்தச் சொல்லில் இருக்கிறது.

அந்த மரியாதை பிரெஞ்சுக்காரர்களின் கார்களிலும் இருந்தது. 1930களில் சிட்ரோயன் கம்பெனியின் தலைவராக இருந்த பியேர் பூலான்ழே தம் பொறியாளர்களுக்குக் கொடுத்த உத்தரவு மிகவும் பேசப்பட்டது. இரண்டு குடியானவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. போர் நடுவில் வந்து தடுத்ததால் அந்தக் கார் 1948இல்தான் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. அதுதான் 'தே ஷவோ', அதாவது 2சிவி. 1961இல் ரெனோ கம்பெனி கொண்டு வந்த ரெனோ 4 இன்னொரு படி மேலே போனது. பின்பக்கம் முழுக் கதவு, தட்டையான தரை. மூட்டையைத் தூக்கி இறக்க வேண்டாம், அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். இரண்டிலும் முதலில் சுமையை யோசித்தார்கள். அப்புறம் கார் வந்தது.

நம் நாட்டில் நடந்தது வேறு. அம்பாசிடர், 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டது. நம் சென்னையிலும் கார்கள் உருவாயின. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. பிற்பாடு அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு காரைச் செய்தது. எந்தக் காரானாலும் குடும்பம் ஊருக்குக் கிளம்பினால் ஆள் எண்ணிக்கைக்குக் கணக்கு கிடையாது. அதனால் டிக்கி நிரம்பி, மேலே கேரியர் வைத்துக் கயிறு போட்டுக் கட்டுவோம்.

அலுவலக ஜீப்பும் அப்படியே. அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தேர்தல் பணிக்குப் போன எழுத்தர்களுக்கு நினைவிருக்கும். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, நடுவில் இரும்பு ஓட்டுப் பெட்டிகள், அவற்றின் மேல் எங்கள் கால்கள். 1994இல் வந்த டாடா சுமோவும், 2000இல் வந்த டொயோட்டா குவாலிசும் அந்த ஜீப்பின் வாரிசுகள்தாம். சாமான் இடத்தை மனிதருக்குக் கொடுத்துவிட்டுச் சாமானைக் கூரை மேல் ஏற்றின. டாடா 1992இல் பெரிய சாமான் இடத்தோடு 'எஸ்டேட்' என்ற காரைக் கொண்டு வந்தது. அதிகம் விற்கவில்லை.

இதுவரைக்கும் பழக்கம் செய்த வேலை. அடுத்து சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 28ஆம் தேதி பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி., டீசல் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். சிறிய கார் செய்வதில் இந்தியா முன்னுக்கு வரவேண்டும் என்பது. வந்தது, பலருக்கு வேலையும் கிடைத்தது.

ஆனால் ஒரு காரில் நான்கு அங்குலம் குறைக்க வேண்டுமென்றால் எங்கே வெட்டுவார்கள்? என்ஜினை வெட்ட முடியாது. உட்காருபவரின் முழங்காலை வெட்ட முடியாது. மிச்சம் டிக்கிதான். மாருதி ஸ்விஃப்ட் டிசையர் இதற்குக் கண்கூடான சாட்சி. 2008இல் வந்தபோது நீளம் 4,160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012இல் வந்த புதிய டிசையர் 3,995 மில்லிமீட்டர், டிக்கி 316 லிட்டர். காரில் குறைந்தது 165 மில்லிமீட்டர்; டிக்கியில் போனது 124 லிட்டர். வாங்குபவர் யாரும் டிக்கியைச் சிறிதாக்குங்கள் என்று மனுப் போட்டதாகத் தெரியவில்லை. வரி அதிகாரியின் அளவுநாடா முடிவு செய்தது.

எஸ்.யு.வி.க்கும் அப்படி ஒரு இலக்கணம் எழுதினார்கள். 2013 பட்ஜெட்டில் அதே சிதம்பரம், இவை சாலையிலும் நிறுத்துமிடத்திலும் அதிக இடம் பிடிக்கின்றன என்று சொல்லி வரியை 27இலிருந்து 30 சதவீதமாக ஏற்றினார். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல், என்ஜின் 1,500 சி.சி.க்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். இந்த மூன்றும் இருந்தால்தான் அரசின் கண்ணில் எஸ்.யு.வி. இப்போது கிரெட்டாவின் பெட்ரோல் என்ஜினைப் பாருங்கள், 1,497 சி.சி. அந்த மூன்று சி.சி. ஏன் குறைந்தது என்று இப்போது உங்களுக்கே புரியும்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகும் கோடு அழியவில்லை. சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதம், நடுத்தரக் காருக்கு 45, இலக்கணப்படியான எஸ்.யு.வி.க்கு 50. 2025 செப்டம்பர் 22 முதல் சிறியதற்கு 18, மற்றவற்றுக்கு 40. எல்லாவற்றுக்கும் குறைந்தது என்று சந்தோஷப்பட்டோம். பழைய எழுத்தன் புத்தி கழித்துப் பார்த்தது. சிறிய காருக்கும் நடுத்தரக் காருக்கும் நடுவில் 16 சதவீதமாக இருந்த இடைவெளி 22 ஆகியிருக்கிறது. நாற்காலி ஏற்ற வேண்டிய குடும்பம் நான்கு மீட்டர் கோட்டைத் தாண்டினால் கொடுக்கும் விலை அது.

கோட்டைத் தாண்டிய கார்கள் பலவும் நம்மைச் சுற்றித்தான் உருவாகின்றன. வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998 முதல் ஹூண்டாய். ஒரகடத்தில் ரெனோ. 2012இல் வந்த முதல் டஸ்டர் அங்கே செய்யப்பட்டதுதான்; டிக்கி 475 லிட்டர். திருவள்ளூரில் முன்பு அம்பாசிடர் கம்பெனியார் மிட்சுபிஷி லான்சர் செய்த இடத்தில் இப்போது சிட்ரோயன். அந்த பிரெஞ்சுக் கம்பெனியின் தாய் நிறுவனம் 2017இல் அம்பாசிடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. உருளைக்கிழங்கு மூட்டையை நினைத்துக் கார் செய்தவர்களின் பேரன்கள் திருவள்ளூருக்கு வந்துவிட்டார்கள்.

இனி நாங்கள் தேர்ந்தெடுத்த விதம். விளம்பரத்தில் போடும் லிட்டர், தண்ணீர் ஊற்றி அளந்தது அல்ல. ஜெர்மானியர் வகுத்த ஒரு முறையில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். சின்னக் கட்டை மூலை முடுக்கெல்லாம் நுழையும், நாற்காலி நுழையாது. கிரெட்டா 433, ஹோண்டா எலிவேட் 458 என்று படித்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஹைபிரிட் கார்களில் பாட்டரி பின்னால் உட்கார்ந்து இடத்தைச் சாப்பிடுகிறது. சி.என்.ஜி. சிலிண்டரும் அப்படியே.

ஆகவே நாற்காலியையே ஷோரூமுக்குக் கொண்டு போனோம். மனைவியும் வந்தாள். விற்பனைப் பையன் முதலில் விழித்தான், பிறகு அவனே கைகொடுத்தான். மூன்று விஷயம் தெரிந்தது. ஒன்று, சக்கர வளைவுகளுக்கு நடுவே உள்ள அகலமும் கதவின் வாயும்தான் முக்கியம். மொத்த லிட்டர் அப்புறம். இரண்டு, டிக்கியின் வாசல்படி. சில வண்டிகளில் அது என் இடுப்புக்கு மேல். பதினெட்டு கிலோ நாற்காலியை அந்த உயரத்துக்கு இந்த வயதில் என்னால் தூக்க முடியாது. மகன் எப்போதும் வீட்டில் இருப்பானா? மூன்று, இருக்கையின் உயரம். நாற்காலியிலிருந்து நேர் மட்டத்தில் நகர்ந்தால் அவளுக்குச் சுலபம். ஏற வேண்டியிருந்தாலும் கஷ்டம், இறங்க வேண்டியிருந்தாலும் கஷ்டம்.

நான்காவதாகப் பார்த்த வண்டியில் பின்சீட்டை மடக்காமல் நாற்காலி நுழைந்தது, கதவும் மூடியது. லிட்டர் கணக்கில் அது முதலிடத்தில் இல்லை. எந்த வண்டி என்று சொல்லாமல் விடுகிறேன். உங்கள் வீட்டுச் சாமான் வேறு, உங்கள் இடுப்பு வேறு.

வண்டி வர ஆறு வாரம் ஆகும் என்றிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்துவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புதுச்சேரியிலிருந்து போன வாரம் தங்கை பேசினாள். மாசியில் வளைகாப்பாம். ஐந்து பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.