பதவியும் மனச்சான்றும்: லியோனார்ட் வூல்ஃபின் இலங்கை ஆண்டுகள்

அரசுப் பணியாளர் ஒருவர் தாம் நம்பாத ஒன்றைச் செயற்படுத்த வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வார்? ஆணைக்குப் பணிவாரா, ஆணையைத் தம் கருத்துக்கேற்ப வளைப்பாரா, அல்லது பதவியைத் துறப்பாரா? இவ்வினாவை ஒரு மனிதரின் பணிவரலாற்றின் வழியே ஆராய்வது இவ்வுரையின் நோக்கம். அம்மனிதர், எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபின் கணவராக உலகறிந்த லியோனார்ட் வூல்ஃப். அவர் எழுத்தாளராவதற்கு முன் ஏறத்தாழ ஏழாண்டுகள் இலங்கையில் ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1880இல் லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வூல்ஃப், 1904 டிசம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். அவருடைய முதற்பணியிடம் யாழ்ப்பாணம். அங்கே தமிழ் கற்றார். கச்சேரி அலுவல்களைப் பழகினார். அதே காலப்பகுதியில்தான் யாழ்ப்பாணத்தின் ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர், எழுத்தராகவும் இருப்புப்பாதை ஊழியராகவும் பணியாற்ற மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். ஆகவே நாம் பேசும் இக்கதை, இந்நாட்டுத் தமிழருள் ஒரு பகுதியினரின் முன்னோர் விட்டுவந்த ஊரில் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் வூல்ஃபின் உள்ளத்தில் நீங்காது நின்றது. ஒருநாள் அவர் தம் மேலதிகாரியுடன் குதிரைமேல் அமர்ந்து, கடைத்தெருக் கட்டடங்களின் திண்ணைகள் தெருவில் நீண்டுள்ளனவா என்று பார்வையிட்டார். கையிலிருந்த சவுக்கால் ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டினார். அவ்வழியே வண்டியில் சென்ற தமிழ் வழக்கறிஞர் ஒருவர், வூல்ஃப் தம் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்ததாக முறையிட்டார். தாம் யாரையும் அடிக்கவில்லை என்பதில் வூல்ஃபுக்கு ஐயமே இல்லை. ஆயினும் 1961இல் வெளியிட்ட தன்வரலாற்றுத் தொகுதியில் அவர் இதை வேறொரு நோக்கில் எண்ணிப்பார்க்கிறார். பிறருடைய ஊரில், அவர்தம் பெருந்தெருவில், அந்நியன் ஒருவன் ஆளும் செருக்கோடு குதிரைமேல் வீற்றிருப்பதே அவர்கள் முகத்தில் அறைவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கண்ட தெளிவு. குற்றச்சாட்டு பொய், ஆனால் அதன் அடியில் ஓர் உண்மை இருந்தது.

ஐயம் எழுந்துவிட்டதென்று அவர் கடமையில் தளர்ந்தாரா? இல்லை. 1907இல் கண்டிக்கு மாற்றப்பட்டபோது, போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேற்றப்படும் வேளையில் அரசின் சார்பில் உடனிருப்பதும் அவர் கடமைகளுள் ஒன்றாயிற்று. அக்காட்சி அவருக்கு அருவருப்பையும் அதிர்ச்சியையும் தந்தது. எனினும் அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. 1908இல், தம் இருபத்தேழு வயதில், அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபரானார். ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த அவ்வறண்ட மாவட்டத்தில் வரி, உப்பு, நீர்ப்பாசனம், நீதிமன்றம் அனைத்தும் அவர் கைக்கு வந்தன. உப்பு அங்கே அரசின் தனியுரிமை. அதன் சேகரிப்பைச் சீர்ப்படுத்துவதில் அவர் முழு ஊக்கம் காட்டினார்.

அதற்கடுத்து மாட்டுக் கொள்ளைநோய் பரவியது. நோயுற்ற கால்நடைகளைக் கொல்லவும், ஏனையவற்றைக் கட்டிவைக்கவும் ஆணையிட்டார், மீறியவர்களைத் தண்டித்தார். அறிவியல்நோக்கில் அந்நடவடிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது. ஆனால் எருமையை நம்பி வயலுழும் குடியானவருக்கு, அதிகாரி ஒருவர் துப்பாக்கியோடு வந்து தம் வாழ்வாதாரத்தைச் சாய்ப்பதாகவே அது தோன்றியது. மக்கள் அவரை வெறுத்தனர். தாம் கண்டிப்பு மிகுந்தவராக இருந்ததை அவரே பின்னாளில் ஒப்புக்கொள்கிறார்.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பேரரசின்மீது நம்பிக்கை குறையக் குறைய, அவருடைய நிருவாகத் திறன் கூடிக்கொண்டே சென்றது. இது முரணாகத் தோன்றலாம். ஆனால் தனிப்பட்ட நம்பிக்கையைக் கொண்டு விதியை வளைக்கும் அதிகாரி, நல்லவராயினும் ஆபத்தானவர். இன்று ஒருவர் இரக்கத்தால் வளைத்தால், நாளை மற்றொருவர் வெறுப்பால் வளைப்பார். இரண்டுக்கும் வாயில் ஒன்றே. வூல்ஃப் அவ்வாயிலைத் திறக்கவில்லை. அதே வேளையில், விதியைப் பிழையின்றி நிறைவேற்றினால் நீதி தானே விளைந்துவிடும் என்றும் அவர் நம்பவில்லை.

அதற்குச் சான்று, 1913இல் அவர் வெளியிட்ட ‘காட்டில் ஒரு கிராமம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நாவல். அதில் வரும் ஆங்கில நீதிபதி நேர்மையற்றவர் அல்லர். சான்றுகளைச் சட்டப்படியே எடைபோடுகிறார். வழக்கின் பின்னணியில் வேறேதோ இருப்பதாக உணரவும் செய்கிறார். ஆயினும் கிராமத் தலைவரின் சூழ்ச்சியால் புனையப்பட்ட சான்றுகளே அவர்முன் உள்ளன. பாபுன் என்னும் குற்றமற்ற இளைஞன் சிறைக்குச் செல்கிறான், அங்கேயே இறக்கிறான். அம்பாந்தோட்டையில் நீதிபதி இருக்கையிலும் அமர்ந்தவர் எழுதிய கதை இது. எழுதியவர் தம்மையே குற்றக்கூண்டில் நிறுத்திப் பார்த்தார் எனக் கொள்வது பிழையாகாது.

1911 மே மாதத்தில் விடுப்பில் இங்கிலாந்து சென்ற வூல்ஃப், 1912இல் பதவி விலகினார். கொள்கைக்காக மட்டுமே விலகினார் என்று நாம் அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. வர்ஜீனியாமீது கொண்ட காதலும் ஒரு காரணம். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர்கள் மணந்துகொண்டனர். மனித முடிவுகள் பெரும்பாலும் இவ்வாறு கலப்பானவையே. ஆனால் விலகிய பிறகு அவர் செய்தவை ஐயத்திற்கு இடமற்றவை. 1915இல் இலங்கையில் கலவரம் மூண்டு, இராணுவச் சட்டத்தின்கீழ்க் கடும் ஒடுக்குமுறை நிகழ்ந்தது. அதற்கு நீதி கேட்டு லண்டன் சென்ற ஈ. டபிள்யூ. பெரேரா, டி. பி. ஜயதிலக ஆகியோருக்கு வூல்ஃப் துணைநின்றார். பேரரசுவாதத்தைக் கண்டித்து நூல்கள் எழுதினார். பதவியிலிருந்தபோது மறைவாகச் செய்யாததை, பதவி நீங்கியபின் வெளிப்படையாகச் செய்தார்.

1960இல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், அவர் விடுதலை பெற்ற இலங்கைக்கு மீண்டும் வந்தார். அன்போடு வரவேற்றனர். ஆனால் அம்பாந்தோட்டையில் அவர்கீழ்ப் பணியாற்றிய முதியவர் ஒருவர் அவரைத் தேடிவந்தார். கொள்ளைநோய்க் காலத்தில் தமக்கு விதிக்கப்பட்ட தண்டனையை நினைவூட்டி, அது நியாயந்தானா என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகளாக ஆறாத வினா அது.

விதிப்படி நடந்தேன் என்பது அம்முதியவருக்கு விடையாகாது. மனச்சான்று உறுத்தியது என்பதும் விடையாகாது. பணியாளர் விதியை வளைக்காதிருப்பதோடு, அவ்விதியால் துன்புற்றவர் ஒருநாள் எதிரில் வந்து கேட்கக்கூடும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும். வூல்ஃப் அக்கேள்வியை மறைக்காமல் தம் நூலிற் பதிவுசெய்தார். எதிர்காலத்தில் அரசுப் பணியேற்கவிருக்கும் நம் மாணவர்க்கு அப்பதிவு ஒரு பாடம். பள்ளியில் விதிகளைக் கற்பிக்கும் நாம், அவ்வினாவையும் சேர்த்தே கற்பிப்போமாக.