வாயிற்சிரைத் திசைமாற்றமும் கல்லீரலின் நுண்குழல்களும்

குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்ப்பது வாயிற்சிரை. கல்லீரலுக்குள் நிமிடத்துக்குப் பாயும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்தச் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. இரண்டும் கலக்கும் இடம் சைனுசாய்டு எனப்படும் நுண்குழல். பெரும்பாலான தந்துகிகளைப் போலன்றி இதன் சுவரில் 100 நானோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட அகலத்தில் துளைகள் உண்டு. முறையான அடிச்சவ்வு கிடையாது. அதனால் ரத்தநீர் தடையின்றிக் கல்லீரல் செல்களைத் தொடுகிறது. வாயிற்சிரை ரத்தத்தை வேறு பாதையில் திருப்பினால் இந்தக் குழல்களுக்கு வரும் ரத்தத்தின் அளவு, அழுத்தம், சத்து மூன்றும் மாறிவிடுகின்றன.

திருப்ப வேண்டிய தேவை, வாயிற்சிரையில் அழுத்தம் ஏறும்போது எழுகிறது. வாயிற்சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் உள்ள அழுத்த வேறுபாடு 12 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் வெடித்து ரத்தவாந்தி வரக்கூடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே இரைப்பை-குடல் ரத்தக்கசிவு மையம் உள்ளது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி அது. ரத்தவாந்தியோடு வருபவர் எல்லோருக்கும் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) இருப்பதில்லை. சிறுவர்கள், இளைஞர்கள் பலருக்கு வாயிற்சிரையோ அதன் கடைசிக் கிளைகளோ மட்டும் அடைபட்டிருக்கும். கல்லீரல் செல்கள் ஏறக்குறைய நலமாகவே இருக்கும். இந்தியாவில் அதிகம் காணப்படும் இந்த வகைக்கு, மண்ணீரலை அகற்றி, அதன் சிரையின் வெட்டுமுனையை இடச் சிறுநீரகச் சிரையின் பக்கவாட்டில் தைத்து இணைக்கும் அறுவை நெடுங்காலமாகச் செய்யப்படுகிறது. புடைத்த சிரைகளைக் கட்டும் எண்டோஸ்கோப்பிக்கு அடிக்கடி வந்துபோக முடியாத குடும்பத்துக்கு இந்த ஒரே அறுவை பெரிய விடுதலை.

ரத்தத்தை முழுமையாகத் திருப்பினால் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டியவை நாய்கள். வாயிற்சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு நேராக இணைக்கும் முறையை 1877இல் ரஷ்யாவின் நிகோலாய் எக் வெளியிட்டார். 1893இல் பாவ்லோவின் குழு, அப்படி இணைக்கப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றதும் மூளை குழம்பித் தவித்ததைப் பதிவு செய்தது. குடலில் உண்டாகும் அம்மோனியா, சைனுசாய்டைத் தொடாமலே மூளையை எட்டியதன் விளைவு அது.

வாயிற்சிரை ஓட்டம் குறைந்ததும் கல்லீரல் தமனி விரிந்துகொடுக்கிறது. சிரைக்கிளையை ஒட்டியுள்ள நுண்ணிய இடைவெளியில் அடினோசின் ஓயாமல் சுரக்கிறது. சிரை ரத்தம் அதை அடித்துச் செல்கிறது. ஓட்டம் தளர்ந்தால் அடினோசின் தேங்கித் தமனியை விரிக்கிறது. 1980களில் உடலியல் ஆய்வாளர் லாட் விளக்கிய இந்த ஈடுகட்டல் ஒருபோதும் முழுமையாவதில்லை. தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அதிகம் என்பது உண்மை. ஆனால் கணையத்திலிருந்து நேரே வரும் செறிந்த இன்சுலின் அதில் இல்லை. எக் முறையில் இணைத்த நாய்களின் கல்லீரல் செல்கள் 4 நாளில் ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருங்கின. கட்டப்பட்ட சிரையின் இடக்கிளைக்குள் மட்டும் இன்சுலினைச் செலுத்தியபோது அந்தப் பக்கச் செல்கள் பெரும்பாலும் தப்பின என்று அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் 1970களில் காட்டினார். ரத்தத்தின் அளவைப் போலவே அது சுமந்துவரும் பொருளும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறவியிலேயே வாயிற்சிரை ரத்தம் வழிமாறும் அபெர்னெதி குறைபாட்டில் நீண்டகால விளைவு தெரிகிறது. சிரை நுண்கிளைகள் மெலிந்தோ இல்லாமலோ போகின்றன, தமனிக்கிளைகள் பெருகுகின்றன, ஆங்காங்கே செல்கள் முடிச்சுகளாக வளர்கின்றன.

கல்லீரல் சுருக்கத்தில் நிலைமை வேறு. அங்கே சைனுசாய்டுகள் ஏற்கெனவே துளைகளை இழந்து, அடிச்சவ்வு படிந்து, சாதாரணத் தந்துகிகளைப் போல ஆகியிருக்கும். கல்லீரலுக்குள்ளேயே உலோகவலைக் குழாய் பொருத்தும் டிப்ஸ் சிகிச்சை அழுத்தத்தைத் தணிக்கும்; ஆனால் மிஞ்சியிருக்கும் சிரை ஓட்டத்தையும் அது பறிப்பதால் சிலருக்கு மூளைக்குழப்பம் வருகிறது. குடல் ரத்தத்தைக் கல்லீரலுக்கே விட்டுவிட்டு மண்ணீரல் பக்கத்தை மட்டும் திருப்பும் முறையை அறுவை மருத்துவர் வாரன் 1967இல் அறிமுகப்படுத்தியது, முழுத் திருப்பத்தால் வரும் மூளைக்குழப்பத்தைத் தவிர்க்கத்தான். அடைப்பு சிரையின் தண்டில் மட்டும் உள்ள குழந்தைகளுக்கு ரெக்ஸ் இணைப்பு இன்னும் மேலானது: குடல் ரத்தத்தைக் கல்லீரலுக்குள் இருக்கும் இடக்கிளைக்கே மீண்டும் சேர்க்கிறது. அந்தக் கிளை திறந்திருந்தால்தான் அது சாத்தியம்.

ரத்தம் மிகுந்தாலும் நுண்குழல் தாங்காது. உயிருள்ள கொடையாளரிடமிருந்து பெற்ற சிறிய கல்லீரல் பகுதிக்குள் முழு வாயிற்சிரை ஓட்டமும் பாயும்போது சைனுசாய்டின் உட்சுவர் உரிகிறது, தமனி சுருங்குகிறது. அப்போது மண்ணீரல் தமனியைக் கட்டியோ ஓட்டத்தின் ஒரு பகுதியை வெளியே திருப்பியோ அறுவை மருத்துவர்கள் அழுத்தத்தைக் குறைக்கின்றனர்.