தென்துருவம்: எங்களுடையதா, நம்முடையதா?

சுங்கை பினாங்கில் வாழும் நமக்குத் தென்துருவம் மிகத் தொலைவான பொருளாகத் தோன்றலாம். ஆயினும், கொடி நாட்டிப் பெயர் சூட்டினால் ஒரு நிலம் உரிமையாகிவிடுமா என்னும் வினா இத்தீவுக்குப் புதியதன்று. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இங்கே பிரிட்டனின் கொடியை ஏற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். இது கெடா சுல்தானின் நிலம். 1791இல் சுல்தான் இதனை மீட்க முயன்றும் இயலவில்லை. சூட்டிய பெயர் வழக்கொழிந்தது. பினாங்கு என்னும் பெயரே நிலைத்தது. அவ்வாட்சியோ ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

அண்டார்ட்டிக்காவில் சுல்தானும் இல்லை, குடிகளும் இல்லை. ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்கண்டத்தின் மீது 1908 முதல் 1943 வரை ஏழு நாடுகள் உரிமை கோரின. பிரிட்டன், நியூசிலாந்து, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நார்வே, சிலி, அர்ஜென்டினா என்பன அவை. பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா ஆகிய மூன்றின் கோரிக்கைகள் ஒரே நிலத்தின் மீது விழுந்தன. மக்கள் இல்லாத நிலத்தில் ஆட்சி நடப்பதாகக் காட்டுவது எங்ஙனம்? 1944இல் பிரிட்டன் போர்ட் லாக்ராயில் ஒரு தளம் அமைத்து, அதில் அஞ்சலகமும் திறந்தது. அர்ஜென்டினா தன் எஸ்பெரான்சா தளத்துக்குக் குடும்பங்களையே அனுப்பியது. 1978இல் அங்கு ஒரு குழந்தையும் பிறந்தது.

இப்பூசலைத் தணித்தது 1959 டிசம்பர் 1ஆம் நாள் 12 நாடுகள் வாசிங்டனில் கையொப்பமிட்ட அண்டார்ட்டிக்க ஒப்பந்தம். அதன் நான்காம் பிரிவு மொழிநுட்பம் மிக்கது. பழைய கோரிக்கைகளை அது ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. புதிய கோரிக்கைக்கு இடமில்லை என்று மட்டும் கூறியது. ஆனால் ஒன்பதாம் பிரிவு மற்றொரு வாயிலைத் திறந்தது. ஆய்வு நிலையம் அமைத்தோ ஆய்வுக்குழுவை அனுப்பியோ கணிசமான ஆய்வு செய்யும் நாடே முடிவெடுக்கும் அவையில் அமரலாம் என்றது. கொடிக்கம்பம் இருந்த இடத்தில் ஆய்வு நிலையம் வந்து நின்றது.

இதனை உலக அரங்கில் வினவிய நாடு மலேசியா. 1982 செப்டம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் பேசிய பிரதமர் மகாதீர் முகமது, குடியில்லா நிலங்கள் உலகச் சமுதாயம் முழுமைக்கும் உரியவை என்று வாதிட்டார். மறு ஆண்டே அண்டார்ட்டிக்கா குறித்து விரிவான ஆய்வறிக்கை வேண்டுமெனச் சபை தீர்மானித்தது. கடலடி வளங்கள் மனித குலத்தின் பொதுச்சொத்து எனக் கடற்சட்ட உடன்படிக்கை ஏற்றுக்கொண்ட காலம் அது.

அணிசேரா இயக்கத்தின் தோழமை நாடான இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 1956இலேயே இப்பொருளை ஐ.நா.வில் எழுப்ப முயன்ற நாடு அது. எனினும் 1981 டிசம்பரில் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் ஆய்வுக்குழுவை அனுப்பி, 1983இல் ஒப்பந்தத்தில் இணைந்து, அவ்வாண்டே முடிவெடுக்கும் தகுதியையும் பெற்றது. அதன் முதல் நிலையமாகிய தட்சிண கங்கோத்ரி பனியில் புதையுண்டது. அடுத்து வந்த மைத்ரி, நார்வே கோரும் நிலத்தில் நிற்கிறது. 2012இல் எழுந்த பாரதி, ஆஸ்திரேலியா கோரும் நிலத்தில் நிற்கிறது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நான்காம் பிரிவின் பொருளை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

மலேசியா 2011 அக்டோபரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நமக்கு அங்கே சொந்த நிலையம் இல்லை. கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட நம் ஆய்வாளர்கள் பிற நாட்டு நிலையங்களின் துணையோடு பணியாற்றி வருகின்றனர். முடிவெடுக்கும் நாடுகள் 29. அவற்றுள் மலேசியா இல்லை.

தமிழில் கேட்போரை விலக்குவது ‘நாங்கள்’, சேர்ப்பது ‘நாம்’. மலாயிலும் ‘காமி’, ‘கித்தா’ என்னும் வேறுபாடு உண்டு. ஏழு நாடுகள் ‘எங்களுடையது’ என்றன. மலேசியா ‘நம்முடையது’ என்றது. ஒப்பந்த நாடுகளோ ‘நாம்’ என்று பேசி, ஆய்வுக்குப் பொருள் செலவிட வல்லவரை மட்டும் அச்சொல்லுள் அடக்கின. மலேசியா உள்ளே சென்றதைத் தோல்வி என்று நாம் கருதவில்லை. வெளியே நின்று கேட்ட வினாவை உள்ளிருந்தும் கேட்கலாம். ஆனால் அதற்குரிய தகுதியை ஆய்வே தரும்.

1991ஆம் ஆண்டு மாட்ரிட் நெறிமுறை அங்கே கனிமம் அகழ்வதைத் தடுத்துள்ளது. 2048க்குப் பின் முடிவெடுக்கும் நாடுகளுள் எதுவும் அந்நெறிமுறையை மறுஆய்வு செய்யக் கோரலாம். இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர்கள் அப்போது நடுவயதினராய் இருப்பர். அந்த அவையில் ஒலிக்கப்போவது ‘எங்கள்’ என்னும் சொல்லா, ‘நம்’ என்னும் சொல்லா என்பதில் அவர்களுக்கும் பங்குண்டு.