தொழில்நுட்பக் கல்லூரியும் பல்கலைக்கழகத் தகுதியும்: மருதானை முதல் பல்லேகல வரை

இலங்கையில் பொறியியல் கல்வியின் ஊற்று, கொழும்பு மருதானையில் 1893இல் தொடங்கிய அரசினர் தொழில்நுட்பப் பாடசாலை. பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் பெற்ற அது, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பொறியியல் பட்டத் தேர்வுக்கும் மாணவரை ஆயத்தம் செய்தது. கற்பித்தது மருதானை, பட்டம் தந்தது லண்டன்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது பொறியியலுக்கு அதில் இடமில்லை. 1950இல்தான் பொறியியல் பீடம் வந்தது. கல்லூரியின் பட்ட வகுப்புகள் அந்தப் பீடத்துக்குப் போயின. கொழும்பிலேயே இயங்கிய பீடம் 1964இல் கண்டிக்கு அருகே பேராதனையில், மகாவலியின் மறுகரையில் குடியேறியது. மண்ணியக்கவியல் ஆய்வில் உலகறிந்த பேராசிரியர் அ. துரைராஜா இங்கே பீடாதிபதியாக இருந்தவர். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கொஃபீல்ட் ஆகியோருடன் அவர் எழுதி 1963இல் வெளிவந்த களிமண் பற்றிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பட்ட வகுப்புகளைக் கொடுத்துவிட்ட மருதானையோ தொழில்நுட்பக் கல்லூரியாகவே நின்றுவிட்டது. பேராதனையின் பெருமையில் அதற்குள்ள பங்கை நினைப்பவர் குறைவு, இது நியாயமன்று.

பெயரையும் தகுதியையும் சேர்த்தே பெற்றது, மொறட்டுவையில் உள்ள, வயதில் மிக இளைய கட்டுபெத்தை. 1960இல் கனடாவின் உதவியோடு அங்கே செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் எழுந்தது. கீழ்நிலைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பயிற்றுவது அதன் வேலை. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரியானது. பல்கலைக்கழகம் என்ற பெயர் இல்லாமலே பொறியியலாளரை உருவாக்கத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக்கியது. 1978 டிசம்பர் 22 அன்று அது மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. பட்டறையில் தொடங்கிய இடம் பதினெட்டே ஆண்டுகளில் அந்த உயரத்தைத் தொட்டது.

ஆயினும் நாட்டுக்குப் பொறியியலாளர் மட்டும் போதுமா? வரைபடத்தை வாசித்து வேலைத்தளத்தில் நிற்கும் நடுநிலைத் தொழில்நுட்பவியலாளரும் வேண்டும். கட்டுபெத்தை அந்தக் கடமையைக் கைவிடவில்லை. பல்கலைக்கழகமான பின்பும் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா அங்கே தொடர்ந்தது. பின்னர் அதற்கென்றே தனி நிறுவகம் அமைக்கப்பட்டு, ஹோமாகமவின் தியகமவுக்கு மாறியது.

இன்று தகுதி தேடும் நிறுவனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ், பல்கலைக்கழகமாகாமலே பட்டம் வழங்கும் அங்கீகாரத்தைப் பெறலாம். கண்டியை அடுத்த பல்லேகலயில் 2009இல் தொடங்கிய இலங்கை சர்வதேச பௌத்த கல்வியகம் தொழில்நுட்பக் கல்விக்கென எழுந்ததன்று. ஆனாலும் பட்டம் வழங்கும் நிறுவகங்களின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு.