அரசுக் கிடங்கும் தனியார் பட்டறையும்: அமெரிக்கத் துப்பாக்கி சுடுதல் பொழுதுபோக்கின் வரலாற்றில் தனிவடிவமைப்பு ரைபிள்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குறிபார்த்துச் சுடுதலும் தமக்கேற்ற ரைபிளைத் தாமே வடிவமைத்துக் கொள்ளுதலும் ஒன்றரை நூற்றாண்டுக் காலப் பொழுதுபோக்குகளாகும். இவை தனிமனித விருப்பத்தின் வெளிப்பாடுகளாகவே பெரிதும் பேசப்படுகின்றன. இப்பொழுதுபோக்கு தொடக்கம் முதலே அரசின் படைக்கலக் கிடங்கைச் சார்ந்து வளர்ந்தது என்பதையும், பட்டறையில் விளைந்த நுட்ப அறிவு தொழிற்சாலை வழியாக மீண்டும் படைத்துறையையே சென்றடைந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ரைபிள், துப்பாக்கி சுடுதல், தனிவடிவமைப்பு, மிகைப் படைக்கலம், ஸ்பிரிங்ஃபீல்டு, கைவினை, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டப்பட்ட வரிப்பள்ளங்களை உடைய துப்பாக்கியே ரைபிள் எனப்படுகிறது. இப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து, அதன் பாதையை நிலைப்படுத்துகின்றன. தோளில் பொருந்தும் மரக்கட்டை, குழல், தோட்டாவை அறைக்குள் செலுத்திப் பூட்டும் இயங்குபகுதி ஆகிய மூன்றும் ரைபிளின் முதன்மை உறுப்புகளாகும். இவற்றை வெவ்வேறு இடங்களிலிருந்து பெற்று, உரிமையாளரின் உடலமைப்புக்கும் தேவைக்கும் ஏற்ப இணைப்பதைத் தனிவடிவமைப்பு எனலாம்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வதையும் மாற்றியமைப்பதையும் தடை செய்கிறது. எனவே நம் சூழலில் இத்தகைய பொழுதுபோக்கு வேரூன்ற இடமில்லை. அமெரிக்காவில் அது வேரூன்றியதற்குச் சட்டம் அளித்த இசைவு மட்டும் காரணமாகாது. மூலப்பொருளும் பயிற்சியிடமும் மலிவாகக் கிடைத்ததும் காரணமாகும். அவற்றை வழங்கியவர் யார் என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

சுடுதிடலும் அரசும்

1860ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் விம்பிள்டனில் நடைபெற்ற தேசிய ரைபிள் கழகத்தின் முதல் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்தப்பட்டிருந்த விட்வொர்த் ரைபிளால் 400 கெஜத் தொலைவிலிருந்த இலக்கை அவர் சுட்டார். குடிமக்களின் குறிதிறன் நாட்டின் பாதுகாப்புக்கு உதவும் என்ற எண்ணத்தின் வெளிப்பாடாக அந்நிகழ்வு அமைந்தது.

அதே எண்ணமே அட்லாண்டிக்கைக் கடந்தும் செயற்பட்டது. உள்நாட்டுப் போரில் வீரர்களின் குறிதிறன் தாழ்ந்திருந்ததைக் கண்ட வில்லியம் கோனன்ட் சர்ச், ஜார்ஜ் வின்கேட் ஆகியோரின் முயற்சியால் 1871ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் அமெரிக்கத் தேசிய ரைபிள் கழகம் தோன்றியது. நியூயார்க் மாநில அரசின் நிதியுதவியுடன் லாங் தீவில் கிரீட்மோர் சுடுதிடல் உருவாக்கப்பட்டு 1873இல் திறக்கப்பட்டது.

மறு ஆண்டு செப்டம்பரில் அங்கு அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் போட்டியிட்டன. அயர்லாந்து அணியினர் வாய்வழி மருந்திட்டு நிரப்பும் ரிக்பி ரைபிள்களைக் கையாண்டனர். அமெரிக்கர்களோ பின்புறம் தோட்டா நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களைக் கையாண்டனர். அமெரிக்க அணி 934க்கு 931 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவரின் குண்டு தவறான இலக்கின் நடுவட்டத்தில் பாய்ந்தது. அதற்குரிய நான்கு புள்ளிகள் கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும். எனினும் பின்புறம் நிரப்பும் ரைபிளும் நெடுந்தொலைவுத் துல்லியத்தில் பிற்படாது என்பதை இப்போட்டி பரவலாக உணர்த்தியது. நெடுந்தொலைவுச் சுடுதலும் பொதுமக்கள் திரண்டு காணும் விளையாட்டாக உயர்ந்தது.

இதற்கு இணையாகச் செருமானியக் குடியேறிகளின் ‘ஷூட்சன்’ கழகங்கள் மற்றொரு மரபை வளர்த்தன. நின்றநிலையில் 200 கெஜத் தொலைவில் சுடும் அம்மரபே கைவினைக் குழல்களுக்கான தேவையைப் பெருக்கியது. ஹாரி போப் (1861–1950) அம்மரபின் தலைசிறந்த குழல் கம்மியர். தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் குழல்களை உற்பத்தி செய்த காலத்தில் அவர் ஒவ்வொரு குழலையும் தனித்தனியே தம் கையால் வரிவெட்டினார். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்த பட்டறையை இழந்த பின்னரும் ஜெர்சி சிட்டியில் அப்பணியைத் தொடர்ந்தார்.

கிடங்கிலிருந்து பட்டறைக்கு

ஷூட்சன் ரைபிள்கள் வசதியுடையோரின் உடைமைகள். பொழுதுபோக்கு நடுத்தர மக்களிடம் பரவியதற்கு அரசின் இரண்டு முடிவுகள் வழிவகுத்தன. 1903இல் அமெரிக்கப் பேராயம் ரைபிள் பயிற்சியை வளர்ப்பதற்கான தேசிய வாரியத்தை அமைத்தது. அதன் பெயரால் தொடங்கப்பட்ட தேசியப் போட்டிகள் 1907 முதல் ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடைபெறலாயின. 1905இல் இயற்றப்பட்ட சட்டம், படைத்துறைக்கு மிகையான ரைபிள்களையும் தோட்டாக்களையும் ரைபிள் கழகங்களுக்கு அடக்க விலையில் விற்க வழிசெய்தது. 1916இல் இவ்விற்பனையையும் பயிற்சியையும் மேற்பார்வையிடக் குடிமக்கள் குறிதிறன் இயக்குநர் அலுவலகம் நிறுவப்பட்டது.

இவ்வழியில் கிடைத்தவற்றுள் தலையாயது 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள். அது செருமானிய மௌசரை அடியொற்றியது. அதற்காக அமெரிக்க அரசு மௌசர் நிறுவனத்திற்கு உரிமத்தொகை செலுத்த நேர்ந்தது. அதன் இயங்குபகுதி வலிமையானது; .30-06 தோட்டா ஆற்றல் மிக்கது. ஆனால் அதன் மரக்கட்டை போர்வீரனின் பொதுத்தேவைக்கென அமைந்தது; விளையாட்டுச் சுடுநரின் தோளுக்கும் கன்னத்திற்கும் பொருந்துவதில்லை. இக்குறையே தனிவடிவமைப்புக்கு இடமளித்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தமக்கென மாற்றியமைக்கப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளை 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்றார். 1910 அளவில் லாஸ் ஏஞ்சலிஸ் கம்மியர் லுட்விக் வுண்ட்ஹாமர், எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் வைட் முதலியோருக்காக இதே ரைபிளுக்குப் புதிய மரக்கட்டைகளைச் செதுக்கினார்.

1923இல் நியூயார்க்கில் கிரிஃபின் அண்டு ஹோ நிறுவனம் தொடங்கப்பட்டது. சீமூர் கிரிஃபின் மரச்சாமான் தச்சர். ஜேம்ஸ் ஹோ படைக்கலச் சாலையில் பணியாற்றிய உலோகக் கம்மியர். இவ்விருவரையும் இணைத்தவர்களுள் முதன்மையானவர் படை அலுவலரும் எழுத்தாளருமான டவுன்சென்ட் வீலன் (1877–1961). மரவேலை, உலோகவேலை, படைத்துறை அறிவு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்த இந்நிகழ்வு, இக்கட்டுரையின் கருத்துக்குச் சிறந்த சான்றாகும்.

கண்ணால் அளந்த வெப்பம்

கிடங்கிலிருந்து வந்தவை மலிவானவை. ஆயினும் அவை அனைத்தும் குறையற்றவை அல்ல. தொடக்கக்கால ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்களின் இயங்குபகுதிகள் பதப்படுத்தப்பட்டபோது, எஃகின் வெப்பநிலையைத் தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்டே மதிப்பிட்டனர். ஒளிமிக்க பகலில் பழுத்த இரும்பு மங்கலாகத் தோன்றும். அதனால் அது அளவுக்கு மீறிச் சூடேற்றப்பட்டது. அவ்வாறு சூடேறிய எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. 1917இல் சில ரைபிள்கள் வெடித்தபோதுதான் இக்குறை கண்டறியப்பட்டது. பின்னர் வெப்பமானிகள் பொருத்தப்பட்டு, பதமிடும் முறையும் மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு சாலையின் ஆக்கங்களுள் 800,000க்குக் குறைந்த வரிசை எண் உடையவை ஐயத்திற்குரியவை என்ற நிலை உருவாயிற்று.

ஜூலியன் ஹேட்சர் 1947இல் வெளியிட்ட ‘ஹேட்சர்ஸ் நோட்புக்’ என்னும் நூல் இவ்விபத்துகளைத் தொகுத்துரைத்தது. பழைய ரைபிளை வாங்கி மாற்றியமைக்கும் ஒருவர் அதன் வரிசை எண்ணை முதலில் நோக்கும் வழக்கம் இவ்வரலாற்றின் எச்சமாகும். தொழிற்சாலையின் பிழை அதன் சுவர்களுக்குள் அடங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் வாங்கியவரின் முகத்தருகே அது வெளிப்படக்கூடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இச்சிக்கல் விரிந்தது. வீரர்கள் நினைவுப்பொருளாகக் கொணர்ந்த மௌசர், அரிசாகா ரைபிள்கள் பட்டறைகளை நிறைத்தன. இவற்றுள் எது எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதைப் பார்க்கர் ஆக்லி உடையும்வரை சோதித்தறிந்தார். தரம் குறைந்தது எனப் பலராலும் கருதப்பட்ட ஜப்பானிய அரிசாகா மிகுந்த வலிமை உடையது என அவர் கண்டார். அவர் கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கிக் கம்மியக் கலையைக் கற்பித்தார். 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி கல்வி உதவி பெற்ற முன்னாள் வீரர்கள் இத்தகைய பயிற்சிகளில் சேர இயன்றது. பொருளோடு மாணவரையும் அரசே பட்டறைக்கு அனுப்பியது எனலாம்.

பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு

அறிவு எதிர்த்திசையிலும் பாய்ந்தது. ஆலைகள் உற்பத்தி செய்யாத, தனியார் தாமே உருவாக்கிய தோட்டா வடிவங்கள் ‘வைல்ட்கேட்’ என வழங்கப்பட்டன. கிடைக்கும் பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கியோ தோளின் சாய்வை மாற்றியோ இவை உருவாக்கப்பட்டன. 1920களின் பிற்பகுதியில் வீலனும் அவர்தம் நண்பர்களும் பழைய கரும்பொடித் தோட்டா ஒன்றிலிருந்து .22 ஹார்னெட்டை உருவாக்கினர். 1930இல் வின்செஸ்டர் அத்தோட்டாவை விற்கத் தொடங்கியபோது, அதற்குரிய ஆலை ரைபிள் எதுவும் சந்தையில் இல்லை. மாற்றியமைக்கப்பட்ட ரைபிள்களை வைத்திருந்த ஆர்வலர்களை நம்பியே ஆலை உற்பத்தியில் இறங்கியது.

இப்போக்கு தொடர்ந்தது. நெட் ராபர்ட்ஸ் 7 மி.மீ. மௌசர் கூட்டிலிருந்து உருவாக்கிய வடிவம் 1934இல் ரெமிங்டனால் .257 ராபர்ட்ஸ் என வெளியிடப்பட்டது. நீண்டகாலம் வைல்ட்கேட்டாக இருந்த .22-250 வடிவத்தை 1965இலும், .25-06 வடிவத்தை 1969இலும் அதே நிறுவனம் ஏற்றது. பல்லாண்டுக் காலச் சோதனைச் செலவையும் இடரையும் தனியார் சுமந்தபின், நிலைபெற்றதை மட்டும் தொழிற்சாலை தெரிந்தெடுத்தது.

துல்லியத்தை அளக்கும் பண்பாடும் ஆர்வலர்களிடையே தோன்றியது. மேசைமீது ரைபிளைத் தாங்கி வைத்துச் சுட்டு, ஒரு தொகுதிக் குண்டுகளுள் மிக விலகிய இரண்டின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை அளப்பது ‘பெஞ்ச்ரெஸ்ட்’ முறையாகும். இம்முறைக்கான அமைப்பு 1947இல் நியூயார்க் மாநிலத்தின் ஜான்ஸ்டவுனில் உருவாயிற்று. உடல்திறனை இயன்றவரை விலக்கி, கருவியின் இயல்பைத் தனித்து நோக்கும் இம்முறை ஆய்வுக்கூடச் சோதனைக்கு நெருக்கமானது.

அப்போட்டிகளில் பங்கேற்ற ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர் 1950இல் .222 ரெமிங்டன் தோட்டாவை வடிவமைத்தார். அதன் கூடு நீட்டப்பட்டு .223 ஆகி, எம்-16 ரைபிளின் 5.56 மி.மீ. தோட்டாவாயிற்று. அவரே வடிவமைத்த இயங்குபகுதியின் மரபில் வந்த ரெமிங்டன் 700, 1966இல் கடற்படைக் காலாட்படையின் எம்-40 குறிசுடு ரைபிளுக்கு அடிப்படையாயிற்று. 1970களின் நடுப்பகுதியில் மருத்துவர் லூயி பால்மிசானோவும் கருவிக் கம்மியர் ஃபெரிஸ் பிண்டெல்லும் .220 ரஷ்யன் கூட்டிலிருந்து 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவை உருவாக்கினர். பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் முதன்மை பெற்ற அதன் மூலவடிவமோ சோவியத் படையின் 7.62×39 தோட்டாவே.

1968ஆம் ஆண்டுச் சட்டம்

கிடங்கின் தாராளத்திற்கு மற்றொரு விளைவும் உண்டு. பிறநாட்டு மிகைப் படைக்கலங்கள் 1950களில் அஞ்சல்வழி மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்கானோ ரைபிளும் இதழ் விளம்பரம் வழியாக அஞ்சலில், பொய்ப்பெயரில் வாங்கப்பட்டதே. ஆர்வலரின் பட்டறைக்குப் பொருள் சேர்த்த அதே வழி கொலையாளியின் கையிலும் பொருள் சேர்த்தது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான அஞ்சல் விற்பனையைத் தனியாருக்குத் தடுத்தது; மிகைப் படைக்கல இறக்குமதியையும் நிறுத்தியது; ‘விளையாட்டுப் பயன்பாடு’ என்பதை இறக்குமதிக்கான அளவுகோலாக்கியது. மலிவான மௌசரை மாற்றியமைக்கும் காலம் இதனால் தளர்ந்தது. பழைய இயங்குபகுதிக்கு மாறாகப் புதிய ஆலைப்பொருளே தனிவடிவமைப்பின் அடித்தளமாயிற்று.

அரசுக்கும் கழகத்திற்கும் இருந்த நெருக்கமும் வினாவுக்கு உட்பட்டது. அரசின் ரைபிளை வாங்குவோர் தேசிய ரைபிள் கழக உறுப்பினராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை 1979இல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, அமெரிக்கத் தனிவடிவமைப்பு ரைபிள் தனிமனிதச் சுதந்திரத்தின் விளைவு மட்டுமன்று. அரசின் கொள்கையும் மிகை உற்பத்தியும் அதற்கு மூலமாயின. இரண்டாவதாக, கிடங்கு, பட்டறை, தொழிற்சாலை, படைத்துறை என்னும் நான்கிற்கும் இடையே பொருளும் அறிவும் சுழன்றன. மூன்றாவதாக, அச்சுழற்சியின் பயனும் இடரும் சமமாகப் பகிரப்படவில்லை. நொறுங்கும் எஃகின் இடரைப் பயன்படுத்துவோர் ஏற்றனர். வரைமுறையற்ற விற்பனையின் விலையைச் சமூகம் செலுத்தியது.

2007இல் போட்டிச் சுடுநர்களின் தேவைக்கென உருவாக்கப்பட்ட ஒரு தோட்டாவுக்கு, 1873ஆம் ஆண்டுச் சுடுதிடலின் நினைவாக 6.5 கிரீட்மோர் எனப் பெயரிடப்பட்டது. சில ஆண்டுகளில் அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவுகளின் தலைமையகம் அதனைத் தன் குறிசுடுநர்களுக்காகத் தெரிவு செய்தது. படைக்கு உதவும் குடிமக்களை உருவாக்கவே கிரீட்மோர் திடல் அமைக்கப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய விளையாட்டுத் தோட்டா படையிடமே சென்று சேர்ந்தது. ஆகவே பொழுதுபோக்கின் வரலாற்றை எழுதுவோர் அரசின் விற்பனை ஏடுகளையும், படைத்துறையின் வரலாற்றை எழுதுவோர் தனியார் பட்டறைகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.